இடது பக்கத்தில் உட்காருகிறார்

பிப்ரவரி 4, திங்கள்

இது போன வருஷத்து டைரி. நூல் கடைக்காரர் எங்கள் தறி முதலாளிக்குக் கொடுத்தார். முதலாளி ஒரு எழுத்தும் எழுதாமல் எனக்குக் கொடுத்தார். அச்சடித்த கிழமையை அடித்துவிட்டுப் புதுக் கிழமை போட்டுக்கொள்கிறேன். அஞ்சாவது வரை படித்தவளுக்குப் பழைய வருஷமே போதும்.

பெரியாஸ்பத்திரியில் காது வார்டில் சேர்ந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இடது காதில் ஆபரேஷன். பேச ஆள் இருந்தால் நான் எதற்கு எழுதப் போகிறேன்? ஆள் நிறைய இருக்கிறது. அவர்கள் பேசுவதுதான் எனக்கு எட்டுவதில்லை.

உலகத்திலேயே சத்தமான இடம் பள்ளிபாளையத்தில் எங்கள் தறிக்குடோன் என்று நினைத்திருந்தேன். இல்லை, காது வார்டுதான். இங்கே ஒருவருக்கும் காது கேட்காததால் ரகசியத்தையும் கத்தித்தான் சொல்கிறார்கள். மூலைக் கட்டில் அம்மாளின் மருமகள் எத்தனை மணிக்கு எழுந்து வாசல் தெளிக்கிறாள் என்பது கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்துவிட்டது.

பக்கத்துக் கட்டில் லூர்துமேரி. சேலத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள்.

"உனக்கு என்ன கண்ணு?" என்று கேட்டேன்.

"காதுக்குள்ள எலும்பு ஒட்டிக்கிச்சாம்க்கா!" என்று கூரை அதிரக் கத்தினாள்.

"எனக்கும் அதேதான். அப்ப ஒரே சாதிசனமாப் போயிட்டோம். வா, சம்பந்தம் பண்ணிக்கலாம்."

பெரிய டாக்டர் கோதண்டம் சார் படம் போட்டுக் காட்டினார். காதுக்குள்ளே அரிசியைவிடச் சின்னதாக ஒரு எலும்பு இருக்கிறதாம். அது ஆடினால்தான் சத்தம் உள்ளே போகும். எனக்கு அது ஒட்டிக்கொண்டு ஆடமாட்டேன் என்கிறது. அதை எடுத்துவிட்டு ஒரு குட்டிக் கம்பி வைப்பார்களாம். ஊரில் எல்லாரும் தறிச்சத்தத்தால் வந்தது என்கிறார்கள். சார் இல்லை என்றார். "ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் ஆரம்பிச்சுதா? சத்தமான எடத்துல நல்லாக் கேக்குமே?" என்று கேட்டார். கூடவே இருந்து பார்த்த மாதிரிக் கேட்டார். இந்த வியாதிக்கு அதுதான் அடையாளமாம்.

உண்மைதான். நாற்பது தறி ஓடும் இடத்தில் எவள் என்ன சொன்னாலும் எனக்குக் கேட்கும். அங்கே நான் ராணி. ஒருத்தியைச் சீண்டினால் அவள் திருப்பி ஒன்று சொல்வாள், அதற்கு நான் ஒன்று. வீட்டுக்கு வந்தால் அமைதி. அமைதியில் நான் கல்.

பிப்ரவரி 5, செவ்வாய்

மாமா வந்து போனார். என் வீட்டுக்காரர் பெயர் அர்த்தநாரி. அதே குடோனில் துணி மடிக்கிற வேலை. என் வாய் ஊருக்கே கேட்கும், அவர் வாய் அவருக்கே கேட்காது. மீசை வேறு உதட்டை மூடிக்கொண்டு நிற்கிறது. ஆனால் நான் பத்து வார்த்தை கிண்டல் பண்ணினால் அவர் குனிந்த தலை நிமிராமல் ஒரு வார்த்தை முணுமுணுப்பார். அந்த ஒன்றுக்கு என் பத்தும் ஈடாகாது.

ஒரு நாள், "உப்புக் கூடிப்போச்சுங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல, உப்புல கொழம்பு கம்மியாப் போட்டுட்ட" என்றார்.

முழுசாக என் காதில் விழுந்த அவருடைய கடைசிப் பேச்சு அதுதான். சின்னவள் அப்போது ஒன்பதாவது படித்தாள். இப்போது அவளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

அதற்குப் பிறகும் நான் சிரிப்பதை விடவில்லை. மீசை ஆடும். மீசை நின்றால் சிரிக்க வேண்டும். இதில் நான் கெட்டிக்காரி. மற்றவர்களிடம் "ஆமாமா", "அதுசரி", "இருக்கட்டும் விடுங்க" என்று மூன்று பேச்சை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறேன். எதிரில் இருப்பவர் மூச்சு விடும் இடம் தெரிந்தால் போதும். எல்லாரும் எப்போதும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சாப்பிட்டாச்சா, மகள் வந்தாளா, மழை வருமா. கேட்கவில்லை என்று சொல்வது மட்டும் எனக்கு வராது. சொன்னால் அவர்கள் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். இன்னொரு தடவை கத்திச் சொல்வார்கள். கத்திச் சொல்லும்போது நல்ல பேச்சும் திட்டுகிற மாதிரி ஆகிவிடுகிறது.

ஆனால் கொஞ்ச நாளாக மாமாவின் மீசையே ஆடுவதில்லை. நான் கிண்டல் பண்ணினால் ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். தப்பான இடத்தில் எப்போதாவது சிரித்துத் தொலைத்தேனோ என்னவோ.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டப் போகிறேன்.

பிப்ரவரி 6, புதன்

மயக்க ஊசி போடும் டாக்டர் வந்தாள். சங்கமித்ரா என்று பெயர். கொத்தமல்லிக் கட்டு மாதிரி ஒல்லி. இன்னும் படித்துக்கொண்டே இருக்கிறாளாம்.

"நீ எதுக்குப் பாப்பா ஊசி எடுத்துட்டு வர்ற? உன்னைப் பாத்தாலே மயங்கிருவாங்களே" என்றேன். வெட்கப்பட்டாள். பிறகு என் வலது காதோடு வாயை வைத்துப் பொறுமையாகச் சொன்னாள்.

"முழு மயக்கம் கெடையாதும்மா. காதுல மரத்துப்போற ஊசி. பயம் தெரியாம இருக்க கைநரம்புல ஒரு மருந்து. அதுல ரெண்டு இருக்கு. எது இந்த ஆபரேஷனுக்கு நல்லதுன்னு பாக்கறேன். என்னோட படிப்புக்கு. உங்களுக்குச் சம்மதமா?"

"ரெண்டுல எனக்கு எது?"

"உறையப் பிரிச்சாத்தான் தெரியும். உங்களுக்கும் சொல்ல மாட்டோம், ஆபரேஷன் பண்ற சாருக்கும் சொல்ல மாட்டோம்."

எங்கள் ஊர்க் கோயிலில் பூக் கேட்பதும் இப்படித்தான். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். "அங்க சாமி சொல்லும். இங்க யாரு பாப்பா?" என்றேன்.

"கம்ப்யூட்டர்."

"அதுக்கு ஒரு தேங்கா ஒடச்சா நல்லதா எடுத்துக் குடுக்குமா?"

ஒரு மருந்து மிடாசோலம். அதைப் போட்டால் நடந்தது மறந்துபோகும். இன்னொன்றின் பெயர் கூட்ஸ் வண்டி மாதிரி நீளம், கடைசிப் பெட்டி வருவதற்குள் நான் விட்டுவிட்டேன். அதில் தூங்கலாம், கூப்பிட்டால் முழித்துக்கொள்ளலாம்.

"மறக்கடிக்கறதையே போடு. மிச்சம் இருந்தா எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு ஊசி வாங்கிட்டுப் போறேன். என்னைக் கட்டுன நாள மறந்துட்டு நிம்மதியா இருப்பாரு."

அவள் சிரித்துவிட்டு, முக்கியமானதை மறுபடி சொன்னாள். "கம்பி வச்ச உடனே சார் மெதுவாப் பேசுவாரும்மா. உங்களுக்குக் கேக்குதான்னு பாக்க. கேக்கலன்னா அங்கயே சரி பண்ணிருவாரு. அதுக்குத்தான் உங்களை முழுசாத் தூங்க வைக்கறதில்ல. புரிஞ்சுதா?"

"ஆமாமா" என்றேன்.

இது நிஜமாகவே புரிந்தது. கையெழுத்தும் போட்டேன். ரேகை வைக்க மைப்பெட்டியைத் திறந்து வைத்திருந்த நர்ஸம்மா மூடிவிட்டாள்.

மத்தியானம் லூர்துமேரியை உள்ளே கொண்டுபோனார்கள். பொழுதோடு வெளியே வந்தாள். தலையில் பெரிய கட்டு, காதில் பஞ்சு. தூங்குகிறாள். துண்டு, செம்பு எல்லாம் நான்தான் எடுத்து வைத்தேன்.

பிப்ரவரி 7, வியாழன்

லூர்துமேரிக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. கூட்ஸ் வண்டி மருந்து போல.

அவளுடைய மற்றக் காது என்னைவிடத் தேவலை. ஆனாலும் காலையில் நான் வழக்கம்போலக் கத்தினேன். அவள் கையைக் காட்டினாள். "மெதுவாப் பேசுங்கக்கா. கட்டுக்குள்ளயே கேக்குது" என்றாள். அதைக் கத்தாமல் சொன்னாள். உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

நேற்று வரை ஒரே சாதிசனம்.

சந்தோஷம்தான். அவள் அழுதாள். சார் கம்பியை வைத்ததும் தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கினது மாதிரி இருந்ததாம். கத்தரி தட்டில் விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டதாம். "அந்தச் சத்தத்துக்கே சார் கால்ல விழலாம்னு இருந்துச்சுக்கா."

அப்புறம் எல்லாரும் அவள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். இந்த வார்டில் அது ஒரு பழக்கம். போய் வந்தவர்கள், போகப் போகிறவர்களுக்குக் கேள்வியைச் சொல்லிக் கொடுப்பார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் வெளியே வருகிற மாதிரி.

"மொதல்ல பேரு. அப்புறம் ஊரு. அப்புறம் இன்னைக்குச் சாப்பிட்டீங்களான்னு. கடைசியா எத்தன பசங்கன்னு" என்றாள் லூர்துமேரி.

"சாப்பிட்டீங்களான்னா இல்லைன்னு சொல்லோணும். பட்டினி போட்டுத்தான கூட்டிட்டுப் போறாங்க" என்று வார்டு ஆயாம்மா எடுத்துக் கொடுத்தாள். மூலைக் கட்டில் அம்மாள் தன் பங்குக்குப் பயமுறுத்தினாள். போன மாசம் ஒருத்தி கேட்கவில்லை என்று சொன்னாளாம். இருட்டும் வரை வைத்துக் குடைந்தார்களாம்.

"அப்ப டக்கு டக்குன்னு சொல்லிட்டா பாஸா?" என்றேன்.

"பாஸ்க்கா!"

பேரு, ஊரு, இல்லைங்க சாப்பிடலைங்க, ரெண்டு பொண்ணுங்க. குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் கூட நான் இப்படிப் படித்ததில்லை.

பிப்ரவரி 8, வெள்ளி

முடிந்தது. சுற்றுகிறது.

பிப்ரவரி 9, சனி

பச்சைத் துணியை முகத்தில் போட்டது தெரியும். அந்தப் பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டது தெரியும். அதற்குப் பிறகு வார்டு மின்விசிறி. நடுவில் ஒன்றும் இல்லை. எனக்கு விழுந்தது மறக்கிற பூ.

சங்கமித்ரா பாப்பா ஒரு தாளோடு வந்தாள். என் கேட்கிற காதில் வாயை வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"வலிச்சுதா?"

"தெரியலியே."

"சார் உங்ககிட்டப் பேசினது ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"திருப்திக்குப் பத்துக்கு எத்தன மார்க் போடுவீங்க?"

"பத்து. அதுக்கு மேல இருந்தாலும் போட்டுக்க."

எழுதிக்கொண்டாள். அப்புறம் அவளுக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

"நீங்க அரைத்தூக்கத்துலயும் வாய் ஓயலம்மா. சார் பேரு கேட்டாரு, பாவாயின்னீங்க. ஊரு கேட்டாரு, பள்ளிபாளையம்னீங்க. சாருக்குச் சந்தோஷம், போதும்னுட்டாரு. அப்புறம் அவர் ஒண்ணுமே கேக்கல. பஞ்சு வாங்க சிஸ்டர் பக்கம் திரும்பினாரு. நீங்களா, 'இல்லைங்க சாப்பிடலைங்க'ன்னீங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, 'ரெண்டு பொண்ணுங்க'ன்னீங்க. தியேட்டரே சிரிச்சிருச்சு! இந்த மருந்துல சில பேரு இப்படிச் சும்மா பேசுவாங்க. அதையும் எழுதி வச்சிருக்கேன்."

நானும் சிரித்தேன். மூலைக் கட்டில் அம்மாள் சிரித்தாள். ஆயாம்மா சிரித்தாள்.

லூர்துமேரி சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய்த் தட்டைக் கழுவினேன். கழுவி வைத்திருந்த தட்டுதான்.

திரும்பி வந்ததும் அவள் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, உங்களுக்கு நெசமாக் கேட்டுச்சா?"

"மறந்துபோச்சு கண்ணு. மருந்து."

"பாப்பாகிட்டச் சொல்லிருங்கக்கா."

"எதைச் சொல்லறது? கட்டுப் பிரிச்சா எல்லாம் கேக்கும், போ."

பிப்ரவரி 10, ஞாயிறு

எழுந்தால் வார்டு ராட்டினம் மாதிரிச் சுற்றுகிறது. காதுக்குள் குக்கர் விசில். விடாமல்.

ரவுண்ட்ஸில் சின்ன டாக்டர், "தல சுத்துதா?" என்று விரலால் சுற்றிக் காட்டிக் கேட்டார். "இல்லைங்க" என்றேன். சுற்றுகிறது என்றால் இன்னும் நாலு நாள் வைத்துக்கொள்வார்கள்.

பிப்ரவரி 11, திங்கள்

வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். லூர்துமேரி தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். போனை எந்தக் காதில் வைப்பதாம்?

பிப்ரவரி 15, வெள்ளி

தையல் பிரித்துக் காதுக்குள் இருந்த பஞ்சையும் எடுத்தார்கள். அத்தனை பஞ்சு அந்த ஓட்டைக்குள் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. ஒரு தலையணைக்கு வரும்.

மாமா வெளியே நின்றுகொண்டிருந்தார். வெளியே வந்ததும் என் இடது பக்கம் போய் நின்று, மீசையை ஆட்டினார்.

மீசை நின்றது. சிரித்தேன்.

அந்த மனுஷன் முகத்தை நான் எப்படி எழுதுவது? கல்யாணத்தன்று கூட அப்படி இருந்ததில்லை. ஆஸ்பத்திரி வாசல் என்றும் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். எதிரே கடையில் இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

இன்னும் உள்ளே ஆறவில்லை. ஆறினால் கேட்கும். ஒரு மாசம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 20, புதன்

ரேஷனில் பருப்பு வரவில்லை. பெரியவள் வந்து போர்வை எல்லாம் துவைத்துப் போட்டுவிட்டுப் போனாள். நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்கிறேன். மருந்துக் கிறக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மாமா பாயை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிப் போட்டுவிட்டார். இப்போது என் இடது பக்கத்தில் படுக்கிறார்.

மார்ச் 1, வெள்ளி

தறிக்குப் போனேன். எல்லாரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். தறி ஓடுகிற சத்தத்தில் வலது காதுக்கு எல்லாம் கேட்டது. ஆகவே ஆபரேஷன் பிரமாதம் என்று குடோன் முழுக்க முடிவாகிவிட்டது.

"இனிமே உன்னையப் பத்திப் பின்னால நின்னு பேச முடியாதா?" என்றாள் நூல் முடிகிறவள்.

"பேசு. ஆனா நல்ல மாதிரிப் பேசு. செலவு பண்ணிக் கேக்கறேன்" என்றேன்.

சிரித்தார்கள். பழைய மாதிரியே சிரித்தார்கள்.

கரண்ட் போனது. நாற்பது தறியும் ஒரே சமயம் நின்றது. எல்லார் வாயும் ஆடிக்கொண்டே இருந்தது. நான் கக்கூஸுக்குப் போகிற மாதிரி எழுந்து வெளியே வந்து நின்றேன். கரண்ட் வரும் வரைக்கும் நின்றேன்.

மார்ச் 6, புதன்

மாமா பேச ஆரம்பித்துவிட்டார்.

இதை எப்படிச் சொல்வது? இத்தனை வருஷமாக மூடி வைத்திருந்த மனுஷன். சாப்பிட்டு முடித்ததும் என் இடது பக்கத்தில் வந்து உட்காருகிறார். தரையைப் பார்த்துக்கொண்டு மீசைக்குள்ளேயே பேசுகிறார். முன்பெல்லாம் ஒரு வார்த்தைதான். இப்போது நீளமாக. இடையில் அவருக்கே சிரிப்பு வந்துவிடுகிறது, தோள் குலுங்குகிறது. நான் அவர் தோளைப் பார்த்துக் குலுங்குகிறேன்.

சத்தமாகப் பேசுங்கள் என்று சொல்ல முடியாது. வலது பக்கம் வாருங்கள் என்றும் சொல்ல முடியாது. நல்ல காது என்று நினைத்துக்கொண்டுதான் இங்கே உட்காருகிறார்.

விசில் சத்தம் மட்டும் நிற்கவே இல்லை.

மார்ச் 18, திங்கள்

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். மெஷின்காரர் தோள் அசைவதைப் பார்த்து இரண்டு தடவை அழுத்தினேன். அவர் எழுந்து வந்து என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்.

அப்புறம் பொத்தான் சும்மாவே இருந்தது.

கோதண்டம் சார் தாளைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். நாற்காலியை என் வலது பக்கத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, கத்தாமல், ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"இந்தக் காதுல இப்ப ஒண்ணுமே இல்லம்மா. இருந்ததும் போயிருச்சு. கம்பி சரியா உக்காரல. அது வழியா உள்ள இருக்கற தண்ணி கசிஞ்சு நரம்பு போயிருக்கு. தல சுத்தலையா உங்களுக்கு?"

"லேசாங்க."

"டேபிள்லயே கேக்கலன்னு ஒரு வார்த்த தெரிஞ்சிருந்தா அப்பவே எடுத்துச் சரி பண்ணிருப்பேன். பத்து நிமிஷ வேலை." தன் கையைப் பார்த்துக்கொண்டார். பெரிய கை. அந்தக் கையில் எப்படி அரிசி எலும்பைப் பிடிக்கிறார்? "நீங்க நல்லாப் பதில் சொன்னீங்களே. நான் எங்க விட்டேன்னு எனக்கே புரியல."

சங்கமித்ரா பாப்பா அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "மருந்து அதிகமாயிருச்சோ என்னவோ சார். அவங்க பாட்டுக்குப் பேசிட்டு இருந்தாங்க" என்றாள். அவள் முகத்தில் அன்றைய சிரிப்பு இல்லை.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் முறை என்று எனக்குத் தெரிந்தது.

"அந்த மருந்தைத் திட்டாத பாப்பா. பத்துக்குப் பத்து மார்க் போட்டிருக்கேன்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை.

வலது காதில் இனி யாரும் கை வைக்கமாட்டார்களாம். இருப்பது அது ஒன்றுதான் என்பதால். அதிலும் நரம்பு சேர்ந்து தேய்கிறதாம். காதில் மாட்டுகிற மெஷினுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் காது எத்தனை நாளைக்கு ஓடும் என்று சொல்லவில்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நானே ஒன்று வாங்கி மாட்டிப் பார்த்தேன். பாத்திரச் சத்தம் எல்லாம் தலைக்குள் வந்து விழுந்தது. மாமா சத்தம் மட்டும் வரவில்லை.

நேராக வெளியே போகத் தைரியம் இல்லாமல் வார்டுக்குப் போனேன். என் கட்டிலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தேன்மொழியாம். கைக்குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். நாளைக்கு அவளுக்கு ஆபரேஷன். அதே ஆயாம்மா அவள் எதிரில் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். முதல் விரல், இரண்டாவது விரல். அந்தப் பெண்ணின் வாய் கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"அதையெல்லாம் படிக்காத!" என்று கத்தினேன். வார்டே திரும்பியது. காது கேட்காத வார்டு.

"இந்தக்கா எல்லாத்துக்கும் பதில் சொன்னவங்க" என்று ஆயாம்மா பெருமையாக என்னைக் காட்டினாள்.

அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். "கேக்கலன்னா வாயத் தொறந்து கேக்கலன்னு சொல்லு. எத்தன தடவ கேட்டாலும் கேக்கலன்னு சொல்லு."

"பெயிலாயிட்டா என்னங்க்கா பண்ணுவாங்க?" என்று கேட்டாள். நிஜமான பயம். இருபத்தஞ்சு வயது கூட இருக்காது.

"பெயிலாயிரு கண்ணு" என்றேன். "பெயிலாயிரு."

என் தொண்டை என்ன சத்தத்தில் பேசியது என்று தெரியவில்லை. ஆயாம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் மாமா நின்றார். தூரத்திலேயே கையை ஆட்டி, என்ன ஆயிற்று என்று கேட்டார். நடந்து போகிற தூரத்தில் சொல்லிவிடலாம் என்று வாயில் எடுத்து வைத்துக்கொண்டுதான் நடந்தேன். பக்கத்தில் போனதும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் அவரை உட்காரச் சொன்னேன். உட்கார்ந்திருந்தால் என் வலது பக்கம் வந்திருப்பார். பஸ் சத்தத்துக்குக் கொஞ்சமாவது கேட்டிருக்கும். அவர் மறுத்துவிட்டு, என்னை ஜன்னல் ஓரத்துக்கு நகர்த்திவிட்டு இடது பக்கம் உட்கார்ந்தார்.

மார்ச் 20, புதன்

மாவாட்டினேன். தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை.

மார்ச் 22, வெள்ளி

வேண்டுமென்றே குழம்பில் உப்பை அள்ளிப் போட்டேன்.

ஒரு வாய் வைத்தார். என்னைப் பார்த்தார். குனிந்துகொண்டு மீசையை ஆட்டினார். மூன்று வார்த்தை இருக்கும். நாலாகக் கூட இருக்கலாம். பழையதையே சொன்னாரா, புதுசாக ஒன்று சொன்னாரா?

சிரித்தேன். புரை ஏறும் அளவுக்குச் சிரித்தேன். தலையில் தட்டிவிட்டார். கண்ணில் வந்த தண்ணீருக்குப் புரைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த உப்புக் குழம்பை இரண்டாவது தடவை ஊற்றிச் சாப்பிட்டார்.

மார்ச் 24, ஞாயிறு

இன்று தறி லீவு. தெருவில் ஒரு சத்தமும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பொழுது சாயும்போது வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மாமா வந்து என் இடது பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு கீரைத் தண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். தோள் குலுங்கவில்லை. தண்டைச் சின்னச் சின்னதாக ஒடித்துக்கொண்டே பேசினார். ரொம்ப நேரம் பேசினார். இந்த மனுஷனிடம் இத்தனை பேச்சு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நடுவில் ஒரு தடவை நிறுத்திவிட்டுத் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மறுபடி பேசினார்.

எதைச் சொல்லியிருப்பார்? பெரியவள் பிறந்தபோது நடந்ததா? தன் அம்மாவைப் பற்றியா? நான் காது போய், மரம் மாதிரி உட்கார்ந்திருந்த வருஷங்களில் அவர் யாரிடமும் பேசாமல் இருந்ததைப் பற்றியா? என்னைப் பற்றித்தானா? கீரையை வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லுங்கள், இந்தப் பக்கம் வந்து சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணிடம் கத்திச் சொன்னேனே, அதே வார்த்தைதான். வாய்க்குள்ளேயே இருந்தது.

மீசை நின்றது. சிரிக்கிற இடமா என்று பார்த்தேன். இல்லை. தலையை நிமிர்த்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. என்னவோ கேட்டுவிட்டுக் காத்திருக்கிற முகம்.

என் முறை.

"கேக்குதுங்க மாமா" என்றேன்.